அஞ்சு இன்ச் சட்டி

ஜகதி, திருவனந்தபுரம்
13.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை செல்லபாய் எழுதுவது. ஆண்டவருடைய கிருபையில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? மதினி சுகமா? என் மகள் ஷெமி வேளைக்குச் சாப்பிடுகிறாளா, இல்லை புத்தகத்தை வைத்துக்கொண்டு தட்டில் கோலம் போடுகிறாளா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். வேறு வழியில்லை அண்ணே. இந்த வீட்டு ஹாலில் ஒரு கேமரா, நான் கவனித்துக்கொள்ளும் சாருடைய அறையில் ஒரு கேமரா. அவை பார்ப்பது மட்டுமல்ல, கேட்கவும் செய்யும். சாருடைய மகள் மீரா அம்மா கனடாவில் இருந்தபடியே எல்லாம் கேட்பார். போன வாரம் ஹாலில் இருக்கிற போனில் உங்களோடு பேசினேன் அல்லவா? மறுநாள் கேமரா பேசுகிறது: "நேத்திக்கு யாரோட இருபது நிமிஷம் பேசிண்டிருந்தே, செல்லபாய்?" செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அவருடைய கண்டிஷன். அடுக்களையில் மட்டும் கேமரா இல்லை. அரிசி டின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். மாடிப்படி பெருக்கும் விஜயம் அக்கா இதை வாங்கிக்கொள்வார். வெள்ளிக்கிழமை செடி இறக்க நம் வண்டி இந்தப் பக்கம் வருமே, அப்போது டிரைவர் ஷாஜியிடம் கொடுப்பார்.

சேஷன் சாருக்கு எண்பத்தொரு வயது. செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர். சம்சாரம் சூடாமணி அம்மா தவறி மூன்று வருஷம். இடுப்பில் ஆபரேஷன் ஆனதால் வாக்கர் பிடித்து நடக்கிறார். பேர்தான் சில நேரம் மறக்கிறது. மற்றபடி தெளிவு, நல்ல மனுஷர்.

கேட்க வந்தது செடி விஷயம். அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மீரா அம்மா ஆன்லைனில் ஏழு செடி வாங்கி அனுப்பியிருக்கிறார். எல்லாம் வீட்டுக்குள் வைக்கிற பீஸ் லில்லி, அக்லோனிமா மாதிரிச் செடிகள். செடி ஒரு சாண் இருக்கும். சட்டியோ சோற்றுப் பானை அளவு வெள்ளைப் பீங்கான், அடியில் ஓட்டை கிடையாது. காலை ஏழு மணிக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மக் தண்ணீர், அதுவும் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி ஊற்ற வேண்டும். மூன்று செடி மஞ்சளாகித் தண்டு குழைந்து போயே போய்விட்டது. "ஜலம் ஒழுங்கா விடறதில்லை நீ" என்று எனக்குத்தான் ஏச்சு. மீதி நாலையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

ஓணத்துக்கு வந்துவிடுவேன். நவம்பர் பத்தாம் தேதி சபையில் ஷெமியின் திடப்படுத்தல் ஆராதனைக்குக் கட்டாயம் வருவேன். அப்பா இல்லாத பிள்ளை, பேராயர் முன்னால் முட்டுப்போடும்போது பின்னால் நான் நிற்க வேண்டும். அவளிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை
செல்லபாய்


பாறசாலை
20.06.2024

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ராஜமணி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். என் முட்டுவலியை விசாரிக்காதே, விசாரித்தால் அதற்கு மரியாதை கூடிப்போகிறது.

சின்னச் செடிக்குப் பெரிய சட்டி வைத்தால் செழிப்பாக வளரும் என்பது படித்தவர்கள் தவறாமல் செய்கிற தப்பு. என் நர்சரிக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். வேர் எட்டுகிற இடத்து மண்ணில்தான் வேர் குடிக்கும். மிச்ச மண் ஈரத்தோடு கிடந்து நாறும். பிறகு வேரும் அழுகும். இலை மஞ்சளாவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். ஊற்றி ஊற்றியே கொல்வார்கள்.

நீ செய்ய வேண்டியது இது. செடியைச் சட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால் கத்தரியால் வெட்டிவிடு. மிஞ்சுகிற வேர்க்கட்டைச் சுற்றி ஒரு விரல் இடம், கூடிப்போனால் இரண்டு விரல். சட்டி அவ்வளவுதான் இருக்க வேண்டும். அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டைக்கு மேல் ஜல்லி போடாதே, அது இன்னொரு மூடநம்பிக்கை.

தண்ணீரைக் கடிகாரம் பார்த்து ஊற்றாதே. ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார். மண் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேண்டாம். உலர்ந்திருந்தால் அடியில் வடிகிற வரைக்கும் ஊற்று, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. சட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் பிறகு விரல்கூட வேண்டாம், கனமே சொல்லிவிடும். வெயில் படாத அறை, இந்த மழை. வாரத்துக்கு ஒரு தரமே அதிகம்.

அஞ்சு இன்ச் பிளாஸ்டிக் சட்டி நாலும் மண்கலவையும் ஷாஜியிடம் கொடுத்துவிடுகிறேன்.

மற்றபடி சௌகரியமாக இரு. நல்ல குடும்பம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். வீட்டுக்குள் இருக்கிற வேலை, வெயில் இல்லை, மழை இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

அன்புடன்
ராஜமணி


ஜகதி
04.07.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் சாரும் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் ஜெபித்துக்கொள்கிறேன்.

நாலு சட்டியும் வந்து சேர்ந்தன. அளவு கச்சிதம். நீங்கள் சொன்னபடி வேரைப் பார்த்து, வெட்டி, நட்டேன். அந்தச் சட்டிகளைப் பீங்கானுக்குள் இறக்கி வைத்துவிட்டதால் மீரா அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வடிந்த தண்ணீரை மட்டும் அடுக்களையில் கொண்டுபோய்க் கொட்டுகிறேன்.

ஏழு மணித் தண்ணீரை நிறுத்த முடியாதே, அதற்குச் சார் ஒரு வழி சொன்னார். "நீ காலி மக்கைக் கவுத்து. நான் குறுக்கே நின்னுண்டு ரெண்டு இருமல் இருமறேன். முப்பத்திமூணு வருஷம் கவர்மென்டுல இருந்தவனாக்கும், நடக்காததை நடந்ததா காட்ட எனக்குத் தெரியாதா?" தினமும் காலையில் எங்களுக்கு இது ஒரு நாடகம். லில்லியில் புதுக் குருத்து வந்திருக்கிறது. சார் அதற்கு ஒரு சல்யூட் வைத்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இன்னொன்று. சூடாமணி அம்மா வளர்த்த ரப்பர் செடி ஒன்று ஜன்னலோரம் நிற்கிறது. இடுப்புயரம் வந்துவிட்டது, ஆனால் மாற்றியே இல்லை. அடி ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து தரையில் ஒட்டிக்கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் அப்படியே ஓடிவிடுகிறது. இதற்கு என்ன அளவுச் சட்டி? மண் அனுப்பினால் இனிமேல் ஒரு கிலோப் பொட்டலமாகக் கட்டி அனுப்புங்கள். விஜயம் அக்காவுக்குத் தூக்க வசதி.

செல்லபாய்


பாறசாலை
11.07.2024

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். மழை விடவில்லை, நாற்றுகளை மூடுவதும் திறப்பதுமாக நிற்கிறேன், அதனால் நாலு வரி.

ரப்பர் செடி இப்போது ஆறு இன்ச் சட்டியில்தான் நிற்கும். வேர் சட்டியைச் சுற்றிச் சுற்றி முறுக்கியிருக்கும். எட்டு இன்ச் அனுப்புகிறேன். பழைய சட்டியை அறுத்து எடு, சுற்றின வேரைக் கையால் தளர்த்திவிட்டு நடு. தாமதிக்காதே.

ராஜமணி


ஜகதி
25.07.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு சுகம். அங்கும் அப்படியே இருக்க ஆண்டவர் துணை.

எட்டு இன்ச் சட்டியை ஷாஜியிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன், வருத்தப்படாதீர்கள். இங்கே வைக்க இடம் போதாது. அஞ்சு இன்ச்சில் இன்னும் இரண்டு அனுப்புங்கள், அதை வைத்து எப்படியாவது ஒப்பேற்றிக்கொள்கிறேன்.

ஷெமிக்குப் பிளஸ் ஒன்னில் கணக்கு எப்படிப் போகிறது? திடப்படுத்தலுக்கு வெள்ளைச் சேலை எடுக்கும்போது ஓரத்தில் ஜரிகை வேண்டாம் என்று சொல்லுங்கள். வெறும் வெள்ளைதான் அழகு.

செல்லபாய்


பாறசாலை
29.08.2024

தங்கைக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று விஜயம் மூலம் ஷாஜியிடம் கேட்டுவிட்டாயாம். கோபம், அதனால் எழுதவில்லை. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

இருபத்தெட்டு வருஷம் செடி விற்கிறவனுக்கு நீ அளவு சொல்கிறாய். ஆறு இன்ச்சில் நெருக்கிக்கொண்டு நிற்கிற செடிக்கு அஞ்சு இன்ச் சட்டியா? ஷெமியின் ஒண்ணாம் கிளாஸ் செருப்பை எடுத்து இப்போது அவள் காலில் மாட்டிப் பாரேன். இடம் போதாதென்றால் போகட்டும் என்று ஏழு இன்ச் அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்துவிட்டது. இடுப்புயரச் செடி நிற்கிற இடத்தில் ஏழு இன்ச் சட்டி நிற்காதா? அந்த வீட்டில் என்ன தீப்பெட்டியிலா குடியிருக்கிறீர்கள்?

சரி, விடு. ஓணம் பதினைந்தாம் தேதி. பதினாலாம் தேதி சனிக்கிழமை ஷெமி அங்கே வந்து உன்னைக் கூட்டி வருவாள். அவள்தான் ஆசைப்பட்டுக் கேட்டாள். மூன்று மாதமாயிற்று உன்னைப் பார்த்து. மதினி அடைப்பிரதமன் பாயசத்துக்கு இப்போதே வெல்லம் வாங்கி வைத்தாயிற்று.

ராஜமணி


ஜகதி
12.09.2024

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். ஓணத்துக்கு வர முடியாது. சாருக்கு இரண்டு நாளாகச் சளி, விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. ஷெமியை இங்கே அனுப்பவே வேண்டாம். பஸ்ஸில் ஓணக் கூட்டம், பிள்ளை கஷ்டப்படுவாள். என்ன சொல்லியாவது நிறுத்திவிடுங்கள். அவள் இங்கே வரக் கூடாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ரப்பர் செடி கீழ் இலை நாலை உதிர்த்துவிட்டது. சட்டி வேண்டாம். நர்சரியில் கறுப்பு பிளாஸ்டிக் பை இருக்குமே, அதில் பெரியதாக ஒன்றை மடக்கி, தட்டையாக, நாடா கட்டி அனுப்புங்கள். இங்கே வந்து விரித்துக்கொள்கிறேன்.

திடப்படுத்தலுக்கு வருவேன். அதை மட்டும் ஷெமியிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

செல்லபாய்


பாறசாலை
03.10.2024

என் தங்கச்சி செல்லபாய்க்கு,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கேட்டபடி பையை மடக்கிக்கொண்டிருந்தேன். மடக்கும்போதே கை நின்றுவிட்டது. மண் ஒரு கிலோப் பொட்டலம். சட்டி அஞ்சு இன்ச்சுக்கு மேல் வேண்டாம். பை தட்டையாக. இடுப்புயரச் செடி வைக்க இடமுள்ள வீட்டுக்குள் ஏழு இன்ச் சட்டி ஏன் போகவில்லை? எழுந்து போய் நம் நர்சரி கேட்டின் கம்பிக்கிடையில் ஒரு அஞ்சு இன்ச் சட்டியை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அமுக்கினால் போய்விட்டது. ஏழு இன்ச் போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன் செல்லபாய்.

வெள்ளிக்கிழமை ஷாஜி விஜயத்திடம் நேராகவே கேட்டான். அவள் அழுதுவிட்டாளாம். "வெளியில கம்பிக்கதவு, அதுல பூட்டு. சாவி சாரோட சொந்தக்காரப் பையன் சுமந்த் கையில. கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மத்த ஆறு நாளும் ரெண்டு பேரும் உள்ளதான் கிடக்குதாவ. செல்லபாய் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா." ஷெமியிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு என் மேல் பிரியம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் ஓணத்தன்று இலையில் கை வைக்காமல் எழுந்தாள்.

நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏஜென்சியில் நம் வீட்டார் சார்பாகக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். "இடையில வெளிய போக வேண்டிய ஆவசியம் உண்டா?" என்று அவன் கேட்டான். நீ வராந்தாவில் இருந்தாய். "அவளுக்கு எங்க போகணும்? உள்ள நின்னா சேஃப் ஆச்சே" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அதை எழுதிக்கொண்டான். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

வருகிற சனிக்கிழமை இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை, ஷாஜியையும் இரும்பு வெட்டுகிற ஆளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். தடுத்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். தயாராக இரு.

உன் அண்ணன்
ராஜமணி


ஜகதி
10.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அடுக்களையில் வைத்து நாலு தரம் படித்தேன். அழுதது கேமராவுக்குக் கேட்காமல் இருக்கக் குக்கரை வைத்துவிட்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானே கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், எங்கேயும் போக வேண்டாம் என்று.

இனி மறைக்க என்ன இருக்கிறது? முதல் நாள் நான் உள்ளே வந்ததும் சுமந்த் வெளியே நின்று பூட்டினான். அவன் சாருடைய தம்பி மகன், கெட்டவன் இல்லை. "சாரி சேச்சி, மீரா சொல்லிருக்கா" என்றான். மீரா அம்மாவும் வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு வருஷம் முன்னால் சார் தனியாகச் சாலைக் கடைத்தெருவுக்குக் காப்பிப்பொடி வாங்கப் போய், ரோட்டோரம் விழுந்து ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார். முன்பு இருந்த நர்ஸ் கேஸ் அடுப்பை எரியவிட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாள். அந்தப் பயம் அவருக்கு.

பயம் எனக்கும் உண்டு அண்ணே. ஆகஸ்டில் ஒரு நாள் கீழே மின்சாரப் பெட்டி எரிந்து படிக்கட்டு முழுக்கப் புகை. நானும் சாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கத்தினோம். சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ ஒல்லியாத்தானே இருக்கே, தலை நுழையறதான்னு பாரு. நுழைஞ்சா நீ போயிடு" என்றார். தலை நுழையவில்லை. அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து குக்கர் ஆவி வந்தால்கூட வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்க்கிறேன். மீரா அம்மாவிடம் சொன்னேன். "அதான் ஒண்ணும் ஆகலியே" என்றார்.

ஆனால் போலீஸ் வேண்டாம். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் நர்சிங் சர்டிபிகேட்டும் ஏஜென்சியில் இருக்கின்றன. அவை இல்லாமல் வேறு எங்கே வேலைக்குப் போவேன்? இன்னொன்று, தகராறு வந்தால் அப்பாவை ஏதாவது ஹோமில் சேர்த்துவிடுவேன் என்று மீரா அம்மா முன்பே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட அன்று சார் சோறு உண்ணவில்லை. என்னால் அவருக்கு அது வரக் கூடாது.

நவம்பர் ஒன்பது, பத்து இரண்டு நாள் லீவு சுமந்திடம் கேட்டிருக்கிறேன். "மீராட்ட கேட்டுச் சொல்றேன்" என்று மூன்று ஞாயிறாகச் சொல்கிறான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஷெமியிடம் பிரியம் குறையவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். உயிரே அவள்தான் என்று சொல்லுங்கள்.

செல்லபாய்


ஜகதி
07.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். லீவு கிடைக்கவில்லை, "டிசம்பர்ல பாக்கலாம்" என்று பதில் வந்துவிட்டது. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தும் சார் கண்டுபிடித்துவிட்டார். அடுக்களைக்கே வாக்கரோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "இந்த ஆத்துப் பத்திரம் யார் பேர்ல இருக்கு தெரியுமோ? என் பேர்லயாக்கும். இதை ஒருத்தரும் என்னண்ட கேக்கவே இல்லை" என்றார். பேப்பர் கொண்டுவரச் சொல்லி அரிசி டின் மேலேயே வைத்து எழுதினார். நாலு தரம் கிழித்துப் போட்டு ஐந்தாம் தரம் திருப்தியானார். மனு மலையாளத்தில். உங்களுக்காக அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதிய நகல் இது:

"பெறுநர்: திரு. ஜெயன், செயலாளர், குடியிருப்போர் சங்கம்.

பொருள்: 6-சி வீட்டு வெளிக் கம்பிக்கதவின் பூட்டை அகற்றக் கோருவது தொடர்பாக.

ஐயா, மேற்படி வீட்டின் பதிவு பெற்ற உரிமையாளரான சேஷன் ஆகிய நான் தெரிவித்துக்கொள்வது. என் வீட்டில் பணியாற்றும் திருமதி செல்லபாய், தம் மகளின் தேவாலயச் சடங்கில் கலந்துகொள்ள வேண்டியுள்ளது. அவர் 09.11.2024 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியே செல்ல ஏதுவாக, மேற்படி பூட்டைத் தங்கள் முன்னிலையில் வெட்டி நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கோரிக்கை மேற்சொன்ன தேவைக்கு மட்டுமே உரியது. வீட்டுவரி ரசீது நகல் இணைக்கப்பட்டுள்ளது. இப்படிக்கு, சேஷன்."

விஜயம் அக்கா அதைக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டு போனார். ஜெயன் சார் படித்துவிட்டு, ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஓனர் எழுதிக் கொடுத்தா பின்ன நான் என்ன சொல்ல?" என்றாராம். நான் திங்கள் காலை திரும்புவேன். இரண்டு நாளும் விஜயம் அக்கா சாரோடு இருப்பார். நீங்கள் இரும்பு வெட்டுகிறவரை மட்டும் அனுப்புங்கள். வேறு ஆள் படை வேண்டாம்.

செல்லபாய்


பாறசாலை
14.11.2024

மதிப்புக்குரிய சேஷன் சார் அவர்களுக்கு,

செல்லபாய் வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ராத்திரி மாத்திரையைச் சரியாகக் கொடுக்கிறார்களா? இடுப்புக்கு எண்ணெய் சூடாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள், சூடில்லாமல் தேய்த்தால் பலன் இல்லை.

உங்கள் புண்ணியத்தில் ஷெமியின் திடப்படுத்தலைப் பார்த்தேன். முட்டுப்போட்ட பிள்ளை எழுந்ததும் பேராயரைப் பார்க்காமல் திரும்பி என்னைப் பார்த்தாள். சபைக் கோவிலில் நான் சத்தமாக அழுதுவிட்டேன். கேமரா இல்லாத இடத்தில் அழுது எவ்வளவு நாளாயிற்று!

சொன்னபடி திங்கட்கிழமை காலை வந்தேன். கேட்டிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். புது ஆள் வந்தாயிற்று, உங்களை மேலே விட வேண்டாம் என்று உத்தரவு என்றார். என் பையைக் கீழே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஏஜென்சியில் கேட்டால் பாதியில் ஓடினவளுக்குச் சர்டிபிகேட் இல்லை என்கிறார்கள். அண்ணன் லேபர் ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார், பார்க்கலாம். இப்போது நர்சரியில் மண் கலக்குகிறேன். வாசல் திறந்தே கிடக்கிறது. இருந்தாலும் வெளியே போகும் முன் யாரிடமாவது கேட்க வேண்டும் போலவே இருக்கிறது.

சார், உங்களை ஏதாவது சொன்னார்களா? ஹோம் பேச்சு வந்ததா? மறைக்காமல் எழுதுங்கள். நான் மறைத்து வைத்து என்ன கண்டேன்?

தங்கள்
செல்லபாய்


ஜகதி
21.11.2024

சிரஞ்சீவி செல்லபாய்க்கு,

சேஷன் அநேக ஆசீர்வாதம். நான் க்ஷேமம். உன் கடிதத்தை விஜயம் கொண்டுவந்து கொடுத்தாள். ஷெமி திரும்பிப் பார்த்ததைப் படித்து எனக்குப் பரம சந்தோஷம். அவளுக்கும் உன் தமையனாருக்கும் என் ஆசி.

ஹோம் இல்லை, பயப்படாதே. நீ போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சுமந்த் வந்து பார்த்தான், அன்று சாயங்காலமே புதுப் பூட்டு வந்துவிட்டது. மீரா கேமராவில் அரை மணி நேரம் அழுதாள். "உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்னப்பா பண்ணுவேன்?" என்று கேட்டாள். அவள் அழுதது வேஷம் இல்லை, எனக்குத் தெரியும். அழுதுகொண்டேதான் கம்பிக்கு உள்பக்கம் வலை அடிக்கவும் ஏற்பாடு செய்தாள். நாளைக்கு ஆள் வருகிறான். அதற்குப் பிறகு பேப்பர்கூட நுழையாது என்பதால் இன்றைக்கே எழுதுகிறேன்.

புதிதாக வந்திருக்கும் சிஜி நல்ல பெண், இருபத்துமூன்று வயது. ஏழு மணிக்கு நிஜமாகவே மக் நிறைய ஜலம் விடுகிறாள். நான் குறுக்கே நின்று இரண்டு தரம் இருமினேன். எனக்கு இருமல் மருந்து கொடுத்துவிட்டாள். லில்லியில் ஒன்று மஞ்சளாகிறது. கேமரா முன்னால் எப்படிச் சொல்வது? அவளை அடுக்களைக்கு வரவழைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

இரண்டாவதாக ஒரு மனு எழுதினேன். பூட்டு நிரந்தரமாகக் கூடாது என்று, ஆறு காரணங்களோடு. ஜெயன் மரியாதையாகக் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். "சாரே, மகள் ஒரு டாக்டரோட லெட்டர் அனுப்பியிருக்கு. ஓர்மக் குறைவு, மறதி நோய்னு. இனி சாரோட ஒப்பை வச்சு எனக்கு ஒண்ணும் செய்யப் பற்றாது" என்றான். அவன்மேல் தப்பில்லை. ஒன்பதாம் தேதி என் கையெழுத்துக்கு மதிப்பு இருந்தது. பத்தாம் தேதியோடு அது போயிற்று.

மறைக்காமல் எழுதச் சொன்னாய், அதனால் இதையும் எழுதுகிறேன். இதை மீராவிடம்கூடச் சொல்லவில்லை. நீ போன பிறகு சனிக்கிழமை முழுக்கக் கதவு திறந்தே கிடந்தது. மத்தியானம் விஜயம் குளிக்கப் போனபோது வாக்கரைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் வரை நடந்தேன். பட்டனை அழுத்தினேன். லிஃப்ட் வந்து கதவும் திறந்தது. கீழே போய் ஜகதி முக்கு வரை நடந்து ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வருஷமாக நினைத்தது அது ஒன்றுதான். கால் வைக்கப் போனபோது மனு ஞாபகம் வந்தது. முப்பத்திமூன்று வருஷப் பழக்கம், ஒரு மனுவில் ஒரு கோரிக்கைக்கு மேல் எழுத மாட்டேன். உன்னை வெளியே விடச் சொல்லித்தான் எழுதியிருந்தேன், என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அனுமதி வாங்காமல் எப்படிப் போவது என்று நின்றேன். வீடு என்னுடையது, மனு எழுதியதும் நான், அனுமதி கொடுக்க வேண்டியவனும் நானேதான் என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. நான் வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்படிக்கு,
சேஷன்